சேரத்தகும் சங்கம் எது?

மனிதன் தான் பிறக்கும் குடும்பத்தையோ ஊரையோ மொழியையோ தெரிந்தெடுப்பதில்லை. சங்கத்தை மட்டும் அவனே தெரிந்தெடுக்கிறான். ஆதலின் ஒருவனது குணத்தை அவன் பிறந்த இடத்தினும் அவன் சேர்ந்த இடம் தெளிவாகக் காட்டும். வள்ளுவர் நட்பாராய்தலுக்கு ஓர் அதிகாரமும் சிற்றினஞ் சேராமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தமை இது பற்றியே எனலாம். ஆயினும் எந்தச் சங்கத்திற் சேர்வது என்னும் வினா, சந்தாவையும் சலுகைகளையும் ஒப்பிட்டு விடை காணும் வினாவாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. அது ஓர் அறவினா என்பதை ஊவா மாகாணத் தோட்டங்களின் வரலாற்றை முன்வைத்து ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில் தம் நிக்கோமக்கிய அறவியலில் நட்பை மூவகைப்படுத்தினார். பயன் கருதிய நட்பு, இன்பம் கருதிய நட்பு, நற்பண்பு கருதிய நட்பு என்பன அவை. சங்கங்களையும் இவ்வாறு பகுத்து நோக்கலாம். ஆனால் தோட்ட வாழ்வு இப்பகுப்போடு வேறொரு வினாவையும் எழுப்புகிறது: சேர்வதற்கும் விலகுவதற்கும் உரிமையற்றவனுக்குச் சங்கம் என்பதன் பொருள் யாது?

முதலில் இன்பம் கருதிய சங்கத்தை நோக்குவோம். பண்டாரவளை ஹோட்டல் 1893இல் தேயிலைத் தோட்டத் துரைமாரின் கிளப்பாகத் தொடங்கியது. காட்டுக்கும் மலைக்கும் நடுவே தனித்து வாழ்ந்தவர்கள் மாலையிற் கூடிப் பேச ஓரிடம் தேடியதிற் குற்றமில்லை. ஆயின் அத்தகைய கிளப்பின் மதிப்பு, உள்ளே இருப்போரின் தகுதியினால் மட்டும் அமைந்ததன்று. வெளியே நிறுத்தப்பட்டோரின் தொகையினாலும் அமைந்தது. கதவைத் திறந்துவிட்டால் மதிப்பிழந்துபோகும் சங்கம், தன் உறுப்பினருக்கு அளிப்பது நட்பன்று, உயர்வு மனப்பான்மையே.

பயன் கருதிய சங்கங்களின் வரலாறு மேலும் சிந்திக்கத்தக்கது. தோட்ட உரிமையாளர் 1854இலேயே தமக்கெனச் சங்கம் அமைத்துக்கொண்டனர். தோட்டச் சேவையாளர் 1920இல் அமைத்தனர். கோ. நடேசய்யர் தொழிலாளருக்கென அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தது 1931இல். முதலாளி சங்கமானதற்கும் தொழிலாளி சங்கமானதற்கும் இடையே 77 ஆண்டுகள் கழிந்தன. யாருக்குச் சங்கம் மிகவும் தேவையோ அவர்களுக்கே அது இறுதியிற் கிட்டியது.

இத்தாமதம் அறியாமையின் விளைவன்று. தொழிலாளியின் கடன் தீர்ந்தால் அவனை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் 'துண்டு' முறை 1921இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதுவரை கங்காணியின் கடன் கணக்கே தொழிலாளியின் விலங்காயிருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு நீங்க இயலாதவன் ஒரு சங்கத்தை விரும்பிச் சேர்தல் எங்ஙனம்? விலகும் உரிமையே சேரும் உரிமைக்கு அடித்தளம் என்னும் உண்மை இதனாற் புலனாகிறது.

அவ்வுரிமை கிடைத்தபின் தொழிலாளர் அதனை எவ்வாறு பயன்படுத்தினர் என்பதற்குப் பதுளையின் வேவெஸ்ஸத் தோட்டம் சான்று பகரும். 1940ஆம் ஆண்டு வேலைநிறுத்தங்கள் மலைநாடெங்கும் பரவியபோது, மே மாதத்தில் அத்தோட்டத் தொழிலாளர் தாமே ஒரு பேரவையைத் தெரிந்தெடுத்தனர். தோட்ட நிருவாகம் அப்பேரவையைக் கலந்தாலோசித்து நடக்கவும் இணங்கியது. அடுத்த மாதம் சமசமாஜக் கட்சித் தலைவர்கள் சிறைப்பட்டனர். பெரட்டுக் களத்திற் பேர் கூப்பிட்டதும் வாய் திறவாது நின்ற மக்கள், தம்முள் ஒருவரைத் தமக்காகப் பேசத் தெரிந்தெடுத்தனர் என்பதே இந்நிகழ்ச்சியின் பெருமை. சங்கம் கூலியை மட்டும் உயர்த்துவதன்று. உறுப்பினனின் நிமிர்வையும் உயர்த்துவது.

நாடும் ஒருவகையில் உறுப்புரிமைச் சங்கமே. 1939இல் தோன்றிய இலங்கை இந்தியக் காங்கிரஸ் 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏழு தொகுதிகளில் வென்றது, பதுளையில் எஸ். எம். சுப்பையா தெரிவானார். அடுத்த ஆண்டே இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்ப்பதற்கு 2003ஆம் ஆண்டில் மற்றுமொரு சட்டம் வேண்டியிருந்தது. இந்நெடுங்காலத்தில், வாக்குச்சீட்டு இல்லாதவனிடம் சந்தாச் சீட்டு இருந்தது. நாடு உறுப்பினனாக ஏற்காதவனைத் தொழிற்சங்கம் உறுப்பினனாக ஏற்றது. தோட்டத் தொழிலாளியின் சங்கப்பற்றைக் கண்மூடித்தனம் எனப் பழிப்போர் இவ்வரலாற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எனினும் பற்று மட்டும் போதுமா? 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு தொழிற்சங்கம் அமைக்கவும் அதிற் சேரவும் குடிமக்களுக்கு உரிமை வழங்குகிறது. 1999ஆம் ஆண்டின் சட்டத் திருத்தமோ, தொழிலகம் ஒன்றின் தொழிலாளருள் நூற்றுக்கு 40 பேரையேனும் உறுப்பினராகக் கொண்ட சங்கத்தோடு பேரம் பேச மறுத்தலைத் தொழில்தருநருக்குக் குற்றமாக்கியது. ஆகவே ஒரே லயத்தில் வாழ்வோர் பல சங்கங்களாகப் பிரியும்போது எவருக்கும் குரல் இல்லாமற் போகலாம். பிரியாதிருந்தாலோ தலைமை சோம்பிப் போகலாம். பொருளியலறிஞர் அல்பேட் ஹேர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலில் விலகல், குரல், பற்று என மூன்றைப் பிரித்துக் காட்டினார். அவற்றின் வழிநின்று கூறின், விலகலை மட்டும் அறிந்தவன் எதனையும் திருத்தான். பற்றை மட்டும் அறிந்தவன் எதனையும் கேளான். பற்றினால் நிலைத்து நின்று குரலெழுப்புவதே முதற்கடன். குரல் கேளாச் செவியாயின் விலகல் அடுத்த கடன். கொழுந்து பறிக்கும் பெண்களின் சந்தாவினால் வாழ்ந்துகொண்டு அவர்களைத் தலைமைக்கு வர விடாத சங்கம், இவ்வளவுகோலால் முதலில் அளக்கப்பட வேண்டும்.

நற்பண்பு கருதிய சங்கத்துக்கு எடுத்துக்காட்டுத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. தோட்டங்களில் இயங்கும் மரண உதவிச் சங்கங்களே போதும். சிறு தொகையைச் சந்தாவாகப் பெற்று, இறந்தவர் வீட்டுச் செலவை ஏற்பன அவை. இது காப்புறுதிதானே, இதிற் பண்பு எங்குளது எனச் சிலர் வினவலாம். காப்புறுதிக் கம்பனி பணம் தரும். பாடைக்குத் தோள் கொடாது. இங்கோ இழவு வீட்டுக்கு வருவோர், இறந்தவன் எத்தொழிற்சங்கத்தான் என வினவுவதில்லை. தன் சந்தாவின் பயனைத் தான் காணமாட்டான் என்று அறிந்தே ஒவ்வொருவனும் சந்தா செலுத்துகிறான். பயனும் பண்பும் ஒன்றாய் நிற்கும் இடம் இதுவன்றோ?

இவ்வாராய்ச்சி பல்கலைக்கழக மாணவருக்கு ஏன் வேண்டும்? லயத்திற் பிறந்து பட்டம் பெறுவோர் தொகை இன்று வளர்ந்துள்ளது. பதுளையிலேயே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் உண்டு. பட்டம் பெற்றவனை நகரத்துக் கழகங்கள் வரவேற்கும். தோட்டத்து வாசகசாலையும் காத்திருக்கும். முன்னதிற் சேர்தல் பாவமன்று. விளையாட்டும் விருந்தும் மனிதனுக்கு வேண்டியனவே. ஆனால் சேருமுன் மூன்று வினாக்களைக் கேட்டல் தகும். இச்சங்கத்தின் கதவு யாருக்கு மூடப்பட்டுள்ளது? உள்ளிருந்து மாறுபட்ட கருத்துக் கூறுவோனுக்கு இங்கு இடம் உண்டா? நான் இல்லாவிடில் இச்சங்கம் எதனை இழக்கும்?

முதலிரு வினாக்களும் சங்கத்தைச் சோதிப்பன. மூன்றாவது வினா சேர்வோனைச் சோதிப்பது. நகரத்துக் கழகத்தில் அவன் பெயர் பட்டியலில் நூற்றோராவது பெயராக அமையலாம். தோட்டத்து மரண உதவிச் சங்கத்திலோ கணக்கெழுத வல்லவன் அவன் ஒருவனாகவே இருக்கலாம். எச்சங்கம் எனக்கு உதவும் என்பது எவரும் கேட்கும் கேள்வி. எச்சங்கத்துக்கு நான் வேண்டும் என்பது கற்றவன் கேட்க வேண்டிய கேள்வி.