போர் வேண்டும் என்பவர் களத்துக்குப் போக வேண்டுமா?

 



2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். சுற்றுலாப் பயணிகளைக் காப்பாற்றப் போன குதிரைக்கார சகோதரர் ஸையித் ஆதில் ஹுஸைன் ஷாவும் அந்த 26 பேரில் ஒருவர். மே 7 முதல் 10 வரை சண்டை. அந்த நாட்களிலும் அதன் பிறகும் நம் வாலிபர்கள் சிலர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். "ஹஜ்ரத், டிவியில் உட்கார்ந்து 'அடி, விடாதே' என்று கத்துகிறார்களே, அவர்கள் முதலில் பார்டருக்குப் போகட்டுமே. தான் போகாதவனுக்குச் சண்டை வேண்டும் என்று சொல்ல என்ன உரிமை?"

நியாயமான கேள்விதான். ஆனால் நாம் நினைப்பதைவிடக் கொஞ்சம் கடினமான கேள்வி. எதிரே இருப்பவரை நோக்கி வீசும்போது சுலபமாக இருக்கிறது. நம் பக்கம் திரும்பும்போதுதான் கனக்கிறது.

நாம் வாழும் இடத்தை முதலில் யோசித்துப் பாருங்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒரு பக்கம் கடல், துறைமுகம். மறுபக்கம் எண்ணெய்த் தொட்டிகள், மணலி சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம், உரத் தொழிற்சாலை. போர் என்று வந்தால் எதிரி வரைபடத்தில் முதலில் தேடுவது இவற்றைத்தான். இது கற்பனை அல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் நம் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பலிலும் உயிர்கள் போயின. அடுத்த நாட்களில் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டு ஓடினார்கள். "அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் பேசுகிறோமே, அந்தச் சொல் அந்த இரவு விட்டுப்போனது. அந்தப் போரைத் தொடங்க வேண்டும் என்று மதராஸில் யாரும் கேட்டிருக்கவில்லை.

110 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து 2025 மே 7 அன்று அதே துறைமுகத்தில் போர்க்கால ஒத்திகை நடந்தது. ஆக, இந்த மஹல்லாவாசிகளான நாம் பட்டாளத்தில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் களத்தில்தான் இருக்கிறோம். தூர ஊரில் ஏசி அறையில் உட்கார்ந்து பேசுபவருக்கும் எண்ணெய்த் தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் தொட்டிலை ஆட்டும் தாய்க்கும் போர் ஒன்றல்ல.

சகோதரர்களே, இந்தக் கேள்வி குர்ஆனுக்குப் புதிதல்ல. சூரத்துல் பகராவின் 246-ஆம் வசனத்தில் பனூ இஸ்ரவேலர்களின் தலைவர்கள் தங்கள் நபியிடம் வந்து, எங்களுக்கு ஓர் அரசரை ஏற்படுத்தித் தாருங்கள், நாங்கள் போரிடுகிறோம் என்று கேட்கிறார்கள். உங்கள் மீது கடமையாக்கப்பட்டால் பின்வாங்கிவிட மாட்டீர்களே என்று நபி கேட்கிறார். வீட்டையும் பிள்ளைகளையும் இழந்து நிற்கும் நாங்களா பின்வாங்குவோம் என்கிறார்கள். கடமையானதும் சிலரைத் தவிர எல்லோரும் திரும்பிவிட்டார்கள். சூரத்துன் நிஸாவின் 77-ஆம் வசனமும் இதே நோயைத்தான் சொல்கிறது. கையைக் கட்டிக்கொண்டிருங்கள், தொழுங்கள், ஜகாத் கொடுங்கள் என்றபோது துடித்தவர்கள், போர் விதியானதும் அல்லாஹ்வுக்கு அஞ்சுவது போல மனிதர்களுக்கு அஞ்சினார்கள். சூரத்துஸ் ஸஃப்பின் தொடக்கத்தில், செய்யாததைச் சொல்வது அல்லாஹ்விடம் மிகுந்த வெறுப்புக்குரியது என்ற எச்சரிக்கை வருகிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு மனிதரைப் பாருங்கள். அனஸ் இப்னு நள்ர் (ரலி). நபித்தோழர் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் தந்தையின் சகோதரர். பத்ரில் கலந்துகொள்ள முடியாமல் போனது அவருக்குத் தீராத வருத்தம். இன்னொரு வாய்ப்பு கிடைத்தால் நான் என்ன செய்கிறேன் என்பதை அல்லாஹ் பார்ப்பான் என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல அவர் அஞ்சினார் என்று ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். எதிரியைக் கண்டு வந்த அச்சம் அல்ல இது. வாயிலிருந்து வரும் வாக்கைக் கண்டு வந்த அச்சம். சொன்னதைச் செய்ய முடியாமல் போய்விடுமோ என்ற அச்சம். உஹதில் அவர் உடலில் எண்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். வாளும் ஈட்டியும் அம்பும் பட்ட அந்த உடலை அவர் சகோதரி விரல் நுனியை வைத்துத்தான் அடையாளம் கண்டார். அவ்வளவு பெரிய செயலுக்கு முன்னால் சொன்ன பேச்சு எவ்வளவு சிறியது! நம்மிடம் கணக்கு தலைகீழாக இருக்கிறது.

எதிரியைச் சந்திக்க ஆசைப்படாதீர்கள், அல்லாஹ்விடம் ஆஃபியத்தைக் கேளுங்கள், சந்திக்க நேர்ந்தால் பொறுமையாக நில்லுங்கள் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் நபிமொழியின் கருத்து. இதைச் சொன்னவர்கள் யார்? உஹதில் பல் உடைபட்டு முகத்தில் இரத்தம் வழிய நின்றவர்கள் (ஸல்). களத்தை அறிந்தவர்கள் போருக்கு ஆசைப்படாதே என்கிறார்கள். களத்தின் வாசனையே அறியாதவன் ஆசைப்படுகிறான்.

சரி, அப்படியானால் போகத் தயாராக இல்லாதவர் போரைப் பற்றிப் பேசவே கூடாதா? இங்கேதான் நம் வாலிபர்களின் வாதம் கொஞ்சம் தடுமாறுகிறது.

தபூக் போர் ஹிஜ்ரி 9-இல் நடந்தது. கொளுத்தும் கோடை, பேரீச்சை பழுத்த நேரம், மதீனாவிலிருந்து 600 கிலோமீட்டருக்கும் மேல் பயணம். வசதி இருந்தும் சாக்குச் சொல்லி வீட்டில் தங்கியவர்களை சூரத்துத் தவ்பா கடுமையாகக் கண்டிக்கிறது. அதே சூரா பலவீனர்கள் மீதும் நோயாளிகள் மீதும் செலவுக்கு வழியில்லாதவர்கள் மீதும் குற்றமில்லை என்கிறது. வாகனம் கேட்டு வந்து, இல்லை என்றதும் கண்ணீர் வழியத் திரும்பிப் போனவர்களை 92-ஆம் வசனம் பெருமையோடு நினைவுகூர்கிறது. நீங்கள் கடந்த ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் மதீனாவில் தங்கிவிட்ட சிலர் உங்களோடு இருந்தார்கள், தக்க காரணம்தான் அவர்களைத் தடுத்தது என்று நபி (ஸல்) அவர்கள் படையினரிடம் சொன்னார்கள்.

ஆகவே உடம்பு போயிற்றா என்பது மட்டும் அளவுகோல் அல்ல. ஃபர்ளு கிஃபாயா என்ற சட்டத்தை நீங்கள் அறிவீர்கள். போதுமான சிலர் செய்துவிட்டால் மற்றவர்கள் மீதிருந்து கடமை நீங்கிவிடும். ஜனாஸா தொழுகை அப்படித்தான். பார்வையற்றவர், முதியவர், கர்ப்பிணி, வயதான பெற்றோருக்கு ஒரே மகன் இவர்களுக்கெல்லாம் நாட்டின் பாதுகாப்பைப் பற்றிக் கருத்தே இருக்கக் கூடாது என்று எந்த ஃபிக்ஹு நூலும் சொல்லவில்லை. 'சண்டைக்குப் போகிறவன் மட்டுமே பேசலாம்' என்று முடிவு செய்தால் போரா சமாதானமா என்பதைப் பட்டாளம் மட்டுமே தீர்மானிக்கும் நாட்டில் போய் நிற்போம். பக்கத்து நாடுகளில் அது என்ன கதியைக் கொண்டுவந்தது என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். போரை எதிர்ப்பவரின் வாயையும் அதே விதி அடைத்துவிடும். அவரும் களத்துக்குப் போகாதவர்தானே?

அமெரிக்காவில் சார்லஸ் ரேங்கல் என்றொரு எம்.பி. இருந்தார். கொரியப் போரில் போராடியவர். ஈராக் போருக்குச் சற்று முன், 2003 ஜனவரியில், எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் கட்டாயச் சேவைக்கு அழைக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். தங்கள் பிள்ளைகளும் போக வேண்டும் என்று இருந்தால் இவர்கள் இவ்வளவு அவசரப்பட மாட்டார்கள் என்பது அவர் வாதம். 2004-இல் 402-க்கு 2 என்ற கணக்கில் அது தோற்றது. அவரே எதிர்த்துத்தான் வாக்களித்தார்! மசோதாவில் கோளாறு இருக்கலாம். ஆனால் அவர் எழுப்பிய கேள்விக்கு அந்தச் சபை பதில் சொல்லவே இல்லை.

பிறகு எதைக் கேட்க வேண்டும்? என் பார்வையில், 'நீ போவாயா' என்பதைவிட 'இதில் உன்னுடையது எது போகும்' என்பது சரியான கேள்வி. பத்ரில் முதல் மூன்று பேராகக் களத்தில் இறங்க அன்ஸாரிகள் முன்வந்தார்கள். குறைஷிகள் தங்களுக்குச் சமமானவர்களைக் கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் யாரை அனுப்பினார்கள்? சிறிய தந்தை ஹம்ஸா, பெரிய தந்தையின் மகன் அலீ, நெருங்கிய உறவினர் உபைதா (ரலியல்லாஹு அன்ஹும்). சொந்த இரத்தம். உபைதா (ரலி) அந்தக் காயத்திலேயே வஃபாத்தானார்கள். நம்மிலோ 'ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே' என்ற கதைதான் அதிகம்.

நம் நாட்டில் கட்டாய ராணுவச் சேவை கிடையாது. சேருபவர்கள் பெரும்பாலும் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள். 2020 ஜூன் 15 அன்று கல்வானில் உயிர்விட்ட ஹவில்தார் பழனி ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர்க்காரர். 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டு முடிந்ததும் நான்கில் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் வீடு திரும்ப வேண்டும். சண்டை வேண்டும் என்று முழங்குகிற ஒருவர், திரும்பி வரும் அந்தப் பிள்ளைக்குத் தன் கம்பெனியில் வேலை கொடுப்பாரா? போராளியின் குடும்பத்தை நல்லபடியாகப் பார்த்துக்கொள்பவரும் போரிட்டவரே என்று நபிமொழி இருக்கிறது. டிசம்பர் 7 கொடிநாளில் உண்டியல் வரும்போது பத்து ரூபாய்க்கு முகத்தைத் திருப்பிக்கொள்பவருக்குத் தேசபக்தி எங்கே இருக்கிறது? இது மற்றவர்களுக்கு மட்டும் அல்ல, நமக்கும்தான். நம் விசுவாசத்தை யாராவது சந்தேகப்பட்டால் உடனே 1965-இல் டாங்கிகளை அழித்து உயிர்விட்ட அப்துல் ஹமீதையும் 1948-இல் காஷ்மீரில் மாண்ட பிரிகேடியர் உஸ்மானையும் எடுத்துக் காட்டுகிறோம். காட்ட வேண்டியதுதான். ஆனால் அது அவர்கள் சம்பாதித்தது. நாம் உட்கார்ந்து செலவழிக்கிறோம்.

ஓர் ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். உயிரைக் கொடுக்கத் தயார் என்பது நியாயத்துக்குச் சான்றாகிவிடாது. கவாரிஜ்கள் உயிருக்கு அஞ்சியவர்களா? அவர்கள் தொழுகைக்கு முன்னால் உங்கள் தொழுகை அற்பமாகத் தோன்றும் என்று சொல்லப்பட்ட கூட்டம் அது. அலீ (ரலி) அவர்கள் நஹ்ரவானில் அவர்களோடுதான் போரிட வேண்டியிருந்தது. ஈழத்தில் தலைமையின் மூத்த மகனும் களத்தில்தான் மாண்டார், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதே இயக்கம்தான் 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டது. கடைசிக் காலத்தில் வன்னியில் வீட்டுப் பிள்ளைகளை இழுத்துப் போய்ச் சேர்த்தது. கடலுக்கு இந்தப் பக்கமும் தூர நாடுகளிலும் மேடை போட்டுக் கைதட்டியவர்களில் எத்தனை பேர் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை அப்படிப் போனது? புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் முகாம்களில் இருப்பவர்களைக் கேளுங்கள்.

இனி நம் கைப்பேசிக்கு வருவோம். 2025 ஜூனில் ஈரானும் இஸ்ரேலும் மோதியபோது ஏவுகணை வீடியோவைப் பாட்டோடு ஸ்டேட்டஸ் வைத்த நம் பிள்ளைகள் உண்டு. ஃகாஸாவுக்காக நெஞ்சு எரிகிறது, எரியத்தான் வேண்டும். ஆனால் ஒரு ஏவுகணை விழும் இடத்தில் கிரிக்கெட் ஸ்கோர் போல மகிழ்வது எந்த தீன்? டிவிக்காரரிடம் எது தவறோ அதுவே நம்மிடமும் தவறு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன், தவறாகப் புரிந்துகொள்ள இடமில்லாமல். 'பேசினால் போக வேண்டுமே' என்று யாரும் எங்கும் கிளம்ப வேண்டாம். போர் என்பது ஆட்சியாளரின் அதிகாரத்துக்கு உட்பட்டது. தனி மனிதனோ குழுவோ அறிவிப்பது அல்ல. 1920-இல் ஹிஜ்ரத் இயக்கம் நடந்தது. ஆப்கானிஸ்தானுக்குப் போவது மார்க்கக் கடமை என்று சிலர் முழங்கினார்கள். சிந்துவிலும் எல்லை மாகாணத்திலும் ஏழைகள் நிலத்தையும் மாட்டையும் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு ஆயிரக்கணக்கில் கிளம்பினார்கள். ஆகஸ்டில் ஆப்கான் அரசு கதவை மூடியது. வழியில் மாண்டவர்கள் போக, மீதிப் பேர் ஒன்றுமில்லாமல் திரும்பினார்கள். முழங்கியவர்களில் பலர் ஊரிலேயே இருந்தார்கள். ஆலிம்களாகிய எங்களுக்கு அது பெரிய பாடம். மிம்பரில் நின்று சூடாகப் பேசுவது சுலபம். கேட்டுவிட்டு எழுந்து போகும் பிள்ளைக்கு யார் பொறுப்பு?

மே 7 அன்று பூஞ்சில் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த குண்டில் ஒரு மதரஸா ஆசிரியர் ஷஹீதானார். குர்ஆன் சொல்லிக் கொடுத்தவர். சில டிவி சேனல்கள் அவர் படத்தைப் போட்டுப் பயங்கரவாதி கொல்லப்பட்டான் என்றன. காவல்துறை மறுத்த பிறகுதான் அடங்கினார்கள். பஹல்காமில் கணவரை இழந்த கடற்படை அதிகாரியின் மனைவி, முஸ்லிம்களையும் காஷ்மீரிகளையும் வெறுக்காதீர்கள் என்று சொன்னதற்காக வசை வாங்கினார். இழந்தவர்கள் நிதானமாகப் பேசினார்கள். எதையும் இழக்காதவர்கள்தான் அவர்களுக்கு வீரம் கற்றுக் கொடுத்தார்கள்.

தொழுகைக்குப் பின் துஆவில் பஹல்காமிலும் பூஞ்சிலும் மரணித்தவர்களின் குடும்பத்தாரை நினைத்து ஆமீன் சொல்லுங்கள். இந்த வாரம் போர் வீடியோ எது வந்தாலும் அடுத்தவருக்கு அனுப்பும் முன் அதில் இருப்பது யார் வீடு என்று ஒரு நிமிடம் பாருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நாட்டுக்கும் எங்கள் கரைக்கும் ஆஃபியத்தைத் தருவாயாக. எல்லையில் நிற்கும் பிள்ளைகளை அவர்களின் தாய்மார்களிடம் பத்திரமாகத் திருப்பி அனுப்புவாயாக. ஆமீன்.