ஓதுதலும் உணர்தலும்

அன்பை ஆணையிட்டுப் பெறலாகுமா என்பது பழைய வினா. தொழுகைக்கு வேளை குறிக்கலாம். நோன்புக்குத் திங்கள் குறிக்கலாம். இன்ன அகவையில் இன்ன பாடம் என்று வரையறை செய்யலாம். ஆயின் ஒரு பிள்ளை தன் இறைமறையைக் காதலிக்க வேண்டும் என்று எந்தத் தந்தை நாள் குறிக்க வல்லான்? இவ்வினா ஏடுகளிலிருந்து எமக்கு வந்ததன்று. எம் இல்லத்து அலமாரியின் மேல்தட்டிலிருந்து வந்தது.

எம் மகன் 11-ஆம் அகவையில் திருக்குர்ஆனை முழுதும் ஓதி முடித்தான். 30 ஜுஸ்வுகள், 114 அத்தியாயங்கள். 'தமாம்' ஆன அன்று மாலை உற்றார் வந்தனர், இனிப்பு வழங்கினோம், ஓதிக்கொடுத்த பெரியவருக்கு வேட்டியும் சால்வையும் அளித்தோம். பச்சைத் துணியில் மறையைப் பொதிந்து, முடிச்சிட்டு, கால்படாத உயரத்தில் வைத்தோம். ஓராண்டு கழித்து வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க நேர்ந்தபோது அதனை இறக்கினோம். மடிப்புகளில் தூசு படிந்திருந்தது. யாம் இட்ட முடிச்சு யாம் இட்டவாறே இருந்தது.

"ஏன் எடுத்து ஓதவில்லை?" என்றோம்.

"அதுதான் முடித்துவிட்டேனே, அத்தா" என்றான்.

அவன் அதனைக் குறும்பாகச் சொல்லவில்லை. பள்ளிப் பாடநூல்கள் ஆண்டு முடிந்ததும் பழைய தாள் கடைக்குச் செல்கின்றன. இதனை மட்டும் விற்காமல் உயரத்தில் வைக்கிறோம். அவ்வளவே வேறுபாடு என்று அவன் கருதியிருத்தல் கூடும். 'நீ ஓதியதன் பொருள் என்ன?' என்று அடுத்துக் கேட்க வாயெடுத்தோம். அவ்வினாவை எம்மிடம் எவரேனும் கேட்டால் யாமும் விழிக்க வேண்டியவரே என்பது நினைவுக்கு வர, நாவை அடக்கிக்கொண்டோம். எம் மகளுக்கு அப்பொழுது ஏழு அகவை. அடுத்து அவள் தொடங்க வேண்டும்.

யாம் ஓதக் கற்றது தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில். வைகறைத் தொழுகை முடிந்து, இருள் பிரியுமுன் பாயில் அமர்வோம். ஓதிக்கொடுத்தவர் நல்லவர், ஒலிப்பில் தேர்ந்தவர், அவர் கையில் பிரம்பும் இருந்தது. பிழை செய்தவன் தானே கையை நீட்ட வேண்டும் என்பது அங்கு மரபு. நாற்பதைக் கடந்த இன்றும் ஓர் அத்தியாயத்தில் குறிப்பிட்ட ஓரிடம் வருமுன் எம் வலக்கை தானாக மடங்குகிறது. அவ்விடத்தின் பொருள் இறைவனின் அருளைக் குறித்தது என்பதைப் பின்னாளில் மொழிபெயர்ப்பைப் பார்த்து அறிந்தபோது யாம் நெடுநேரம் வாளா இருந்தோம்.

இக்குறை தமிழகத்துக்கே உரியதன்று. இன்று நேற்று எழுந்ததும் அன்று. 1377-இல் 'முகத்திமா' என்னும் பெருநூலை எழுதிய இப்னு கல்தூன், ஒவ்வொரு நாட்டிலும் சிறுவர்க்கு எவ்வாறு கற்பிக்கின்றனர் என்று அதில் ஆராய்கின்றார். வடமேற்கு ஆப்பிரிக்கத்தார் குர்ஆனை மட்டுமே கற்பிப்பர். அந்தலூசியர் அதனோடு எழுத்தும் செய்யுளும் சேர்த்துக் கற்பிப்பர். செவில்லி நகரத்து நீதிபதி அபூபக்ர் இப்னுல் அரபி (ஞானியாகிய இப்னு அரபி வேறு, இருவரையும் மயக்குவோர் பலர்) முறையையே மாற்றச் சொன்னார். முதலில் மொழியும் செய்யுளும், பின்பு கணக்கு, அதன் பின்பே குர்ஆன். புரியாததைச் சிறுவன் வாயில் திணிப்பது தகாது என்பது அவர் கொள்கை. இப்னு கல்தூன் இதனைச் சிறந்த முறை என்று ஒப்புகின்றார். ஒப்பிவிட்டு, உலக வழக்கு இதற்கு இடம் தராது என்கின்றார். பிள்ளை பெற்றோர் சொற்கேட்கும் காலத்திலேயே மறையைக் கொடுத்துவிட வேண்டும். இளமை வேகம் வந்தபின் அவன் எங்கே போவானோ என்னும் அச்சமே அதற்குக் காரணம் என்கின்றார். அவன் தொடர்ந்து கற்பான் என்னும் உறுதி மட்டும் இருக்குமாயின் நீதிபதியின் முறையே மேலானதாம்.

நேர்மையான சொல் இது. அறுநூறு ஆண்டுகட்குப் பின்னும் அல்சூரில் எம்மை ஆட்டுவிப்பது அதே அச்சந்தான். அந்நூலிலேயே, கற்பவனைக் கடுமையால் நடத்தினால் அவன் உள்ளம் ஒடுங்கும், சோம்பலும் பொய்யும் அவனுக்கு இயல்பாகும் என்றும் தனியே ஓர் அதிகாரம் வகுத்து எழுதியுள்ளார். பிரம்பு ஓங்கிய கைகளுக்கு அவ்வதிகாரம் எட்டவில்லை போலும்!

அலுவலக நண்பர் ஒருவர் எம்மிடம், "எதையும் இப்போது கற்பிக்க வேண்டா, வளர்ந்தபின் அவனே தேர்ந்துகொள்ளட்டும்" என்றார். கேட்பதற்கு நடுநிலைபோல் இருந்தது. ஆயின் அவர்தம் மகனுக்குத் தாய்மொழியை அவ்வாறு ஒத்திவைத்தாரா? ஒன்றும் ஊன்றாத நிலத்தில் ஒன்றும் முளைக்காமல் இருப்பதில்லை, களை முளைக்கும். கொடுத்ததை மறுக்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்பதை ஏற்கிறோம். கொடுக்கப்படாததை அவன் மறுக்கவும் இயலாதே!

இனி, பொருள் அறியா ஓதுதல் வீணே என்பாரும் உளர். அதனையும் யாம் முழுதும் உடன்படோம். குர்ஆன் என்னும் பெயரே ஓதப்படுவது என்னும் பொருளை உடையது. ஏட்டில் எழுதப்படுமுன் அது நாவிலும் செவியிலும் வாழ்ந்தது. பதினான்கு நூற்றாண்டுகளாக ஓர் எழுத்தின் நீட்டமும் குறுக்கமும் வாயிலிருந்து வாய்க்கே வந்துள்ளன. இளநாவில் படியாத ஒலி முதுநாவில் படிதல் அரிது. தாலாட்டைப் பொருள் தெரிந்தா குழவி உறங்குகிறது? நம் சங்கத்தில் நிகழும் திருக்குறள் ஒப்புவித்தலை நினைத்துப் பாருங்கள். கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் நம் பிள்ளைகள், குறட்பாக்களைக் கன்னட எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதிவைத்துக்கொண்டு உருப்போட்டு வந்து ஒப்புவிக்கின்றனர். யாம் மகிழ்ந்து கைதட்டுகிறோம், பரிசு தருகிறோம். அவர்களுள் எத்தனை பேர் மறுநாள் குறளைத் திறக்கின்றனர்? எம் வீட்டுப் பச்சைத் துணி உங்கள் வீடுகளிலும் வேறு நிறத்தில் இருக்கக்கூடும்.

ஆகவே ஒலியைக் குறை கூறுவதற்கில்லை. ஒலியோடு நின்றுவிடுவதே குறை. இதற்கு நம் முன்னோர் வழி கண்டிருந்தனர் என்பதை எண்ணும்தோறும் வியப்பே மிகுகின்றது. தமிழ் முஸ்லிம் பள்ளிப் பாடத்தைப் 'படிக்கிறான்'. மறையை மட்டும் 'ஓதுகிறான்'. தேவாரத்துக்கு உரிய சொல்லை எடுத்துத் தன் மறைக்கும் வைத்துக்கொண்டான். சலாத்தைத் தொழுகை என்றான். சவ்மை நோன்பு என்றான். முழுமையாகக் கிடைக்கும் முதல் இசுலாமியத் தமிழ்ப் பெருநூலாகக் கருதப்படுவது 1572-இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிர மசலா'. மசலா என்றால் வினா. நபிபெருமானாரை ஒருவர் வினவ, அவர் விடை பகர்வதாக அமைந்த நூல் அது. 'கேளாதே, ஓது' என்று பிள்ளையை அதட்டுவோர் இதனைச் சிறிது சிந்திக்க வேண்டும்.

அரபுத்தமிழ் என்றொன்று உண்டு. அரபு எழுத்துகளோடு புள்ளிகளும் குறிகளும் சேர்த்து, தமிழின் தனியொலிகளுக்கும் வடிவு அமைத்து, தமிழையே அவ்வெழுத்தில் எழுதினர். காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை எங்கும் அது வழங்கியது. குர்ஆனுக்காக எழுத்தறிந்த சிறுமி, பள்ளிக்கூடத்துப் படியேறாதவளாயினும், அதே எழுத்தில் தன் தாய்மொழியில் மார்க்கச் சட்டத்தையும் கதையையும் வாசித்தாள். ஒலிக்கும் பொருளுக்கும் இடையே ஒரு பாலம் இருந்தது. அச்சுத் தமிழ் பரவ, அது மெல்ல மறைந்தது. அவ்விடத்தை நிரப்ப மறையைத் தமிழில் பெயர்க்க முற்பட்டபோது எழுந்த எதிர்ப்பும் சிறிதன்று. தமிழிலேயே சொற்பொழிவு வேண்டும், தமிழிலேயே விளக்கம் வேண்டும் என்று 'தாருல் இஸ்லாம்' இதழ்வழி வாதாடிய பா. தாவூத்ஷா பட்ட வசைகள் பல. வேலூர்ப் பாகியாத்துஸ் ஸாலிஹாத் கல்லூரியில் பயின்ற ஆ. கா. அப்துல் ஹமீது பாகவி 1929-இல் முதற்பகுதியை வெளியிட்டார். முழு மொழிபெயர்ப்பு வெளிவந்தது 1949-இல். ஒரு மனிதரின் வாழ்நாளில் இருபது ஆண்டுகள்!

பெங்களூரில் வாழும் எம்மனோர்க்கு இடர் இன்னும் ஒரு மடங்கு மிகும். பிள்ளை அரபியில் ஓதுகிறான்; ஓதிக்கொடுப்பவர் பெரும்பாலும் உருதுவில் விளக்குகிறார்; பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும்; வீட்டில் தமிழ். எம் பிள்ளைகள் 'நமாஸ்' என்றும் 'ரோஸா' என்றும் சொல்லப் பழகிவிட்டனர். உருது மீது எமக்குப் பகையில்லை, அழகிய மொழி. ஆயினும் காய்ச்சலில் பிதற்றும் மொழியில் அன்றோ இறைவனும் அவனுக்கு நெருங்கி வருவான்?

பாகவியாரின் நூலை யாம் முறையாகப் படிக்கத் தொடங்கியது சுண்ணாம்பு அடித்த அந்த வாரத்தில்தான். பன்னிரண்டாம் அத்தியாயம் யூசுப் நபியின் வரலாறு. 111 வசனங்களில் தொடர்ச்சியாகச் செல்வது. ஒரு ஞாயிறு மாலை ஏரிக்கரையில், கோணிப்பையால் மூடப்பட்டுப் பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்து 2009-இல் முகம் காட்டிய வள்ளுவர் சிலையைத் தாண்டி நடக்கையில், அதனைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னோம். பதினொரு விண்மீன்களைக் கண்ட கனவு, பொறாமை கொண்ட உடன்பிறந்தார், பாழ்ங்கிணறு, பொய்க்குருதி தோய்ந்த சட்டை. ஓநாய் தின்றுவிட்டது என்று தந்தையிடம் சொன்னார்கள் என்றதும் மகள் நின்றுவிட்டாள். "ஓநாய் பாவம், அத்தா. அது ஒன்றுமே செய்யவில்லையே!" என்றாள்.

மகன் வீடு வரை ஒன்றும் பேசவில்லை. மாலைத் தொழுகை முடிந்தபின், "ஓநாய் அதில் அப்படியே இருக்கிறதா?" என்று கேட்டான். நாற்காலியிட்டு ஏறி, பொதியை இறக்கி, முடிச்சை அவனே அவிழ்த்தான். யூசுப் அத்தியாயத்தைத் தேட அவனுக்கு எம் உதவி வேண்டியிருக்கவில்லை. ஓநாய்க்கு அரபியில் 'திஃபு' என்று மட்டும் சொன்னோம். விரலை ஓட்டிக்கொண்டே போனவன் 13-ஆம் வசனத்தில் நிறுத்தினான், அடுத்து 14, பின்பு 17. "இந்த மூன்றையும் நான் ஓதியிருக்கிறேன்" என்றான். சிறிது பொறுத்து, "ஓநாய் என்று தெரியாது" என்றான்.

மகள் எட்டிப் பார்த்து, எது ஓநாய் என்று கேட்டாள். தமையன் காட்டினான். அவளுக்கு இன்னும் எழுத்துத் தெரியாது. மேலே ஒரு புள்ளி உடைய எழுத்தை அடையாளம் வைத்துக்கொண்டாள். மறுநாள் முதற்பாடத்துக்குப் புறப்படுமுன், அந்த எழுத்தை எப்பொழுது சொல்லித் தருவார்கள் என்று எம்மைக் கேட்டாள். அது ஒன்பதாவது எழுத்து என்றோம்.

"அத்தனை நாளா?" என்றாள்.