காலி வீட்டில் சில சொற்கள்

கேட்டில் ஓர் அட்டை. ‘டு லெட்’. நூலில் தொங்குகிறது. காற்றில் திரும்புகிறது. பின்பக்கம் வெள்ளை.

*

லெட் என்றால் விடு.

வீடு என்ற சொல்லும் விடு என்பதிலிருந்து வருகிறது.

வாசற்படியில் உட்கார்ந்து இரண்டையும் மெல்லச் சொல்கிறேன்.

*

மடியில் அக்ரிமென்ட். மடித்த இடத்தில் தாள் நைந்திருக்கிறது.

லெஸ்ஸார், வாடகைக்கு விடுபவர். லெஸ்ஸீ, எடுப்பவர். ஒரே சொல்தான். வால் மட்டும் வேறு.

*

11 மாதம்.

ஓராண்டைத் தாண்டிய குத்தகையைப் பதிய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதனால் ஒரு மாதத்தைக் குறைத்து எழுதும் வழக்கம். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம் எல்லா வாடகை ஒப்பந்தத்தையும் பதியச் சொல்கிறது.

பேனா இன்னும் 11 என்றே எழுதுகிறது.

*

டெனன்ட். லத்தீன் வேரில், பிடித்திருப்பவர்.

லீஸ். அதன் வேரில், தளர்த்துவது.

உள்ளங்கையில் சாவி. வியர்வையில் நனைந்திருக்கிறது.

*

அட்வான்ஸ்.

வேறு உடன்பாடு இல்லாவிட்டால் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது அதே தமிழ்நாட்டுச் சட்டம். சென்னையின் வாய்க்குப் பழகிய எண் 10.

பெயின்டிங் சார்ஜ் போக மீதி கைக்கு வரும்.

சுவரில் காலண்டர் இருந்த இடம் மட்டும் புதிதாக இருக்கிறது.

*

வியர் அண்ட் டியர். இருந்து வாழ்ந்ததால் வரும் தேய்மானம்.

சமையலறைத் தரையில் தண்ணீர்க் குடம் இருந்த வட்டம். விரலால் ஒரு சுற்று வருகிறேன். சில்லென்கிறது. தொடங்கிய இடத்தில் விரல் நிற்கிறது.

*

ரென்ட் என்றால் வாடகை. கிழிசல் என்றும் பொருள் உண்டு. வேர் வேறு, எழுத்து ஒன்று.

ஜன்னல் திரையை மடித்து வைக்கிறேன்.

*

வேகேட். வெறுமையாக்குவது.

நாம் சொல்லும் காலி, அரபியிலிருந்து வந்த சொல். அதற்கும் வெறுமை என்றே பொருள்.

இருமுகிறேன். அறையும் இருமுகிறது.

*

குழாயில் ஒரு சொட்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

எண்ணவில்லை.

*

மூச்சு உள்ளே வருகிறது. இருக்கிறது. போகிறது.

*

வெயில் நகர்ந்து குடத்தின் வட்டத்துக்குள் வந்திருக்கிறது.

அடுப்பு மேடையில் இரண்டு சாவிகள்.