பிடிக்காத புத்தகங்கள்

‘பொன்னியின் செல்வன்’ ஏன் பிடிக்கும் என்று பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். வந்தியத்தேவன், நந்தினி, வீராணம் ஏரி என்று வரிசையாகப் பெயர்கள் வரும், காரணம் வராது. பிடித்த புத்தகத்தோடு நமக்கு வழக்கு இல்லை, அதனால் சாட்சியும் தேடுவதில்லை. பிடிக்காத புத்தகம் அப்படி விடாது. எந்த இடத்தில் எரிச்சல் தொடங்கியது, எந்தப் பாத்திரம் பொய்யாகப் பட்டது என்று சொல்லியாக வேண்டும். ஒரு வாசகரின் உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ள, அவர் கொண்டாடும் புத்தகங்களைவிட முழுக்கப் படித்துவிட்டு வெறுத்த புத்தகங்களே உதவும் என்பது என் கட்சி.

டால்ஸ்டாய்க்கு ஷேக்ஸ்பியரைக் கண்டாலே ஆகாது. தன் அபிப்பிராயம் சரிதானா என்று பார்க்க 75 வயதில் மறுபடியும் எல்லாவற்றையும் படித்தார். வெறுப்பு குறையவில்லை. 1906இல் வெளிவந்த நீண்ட கட்டுரையில் லியர் அரசன் நாடகத்தைக் காட்சி காட்சியாகப் பிரித்துப்போட்டு, இதில் எதுவுமே இயல்பாக இல்லை என்று வாதாடினார். 1947இல் ஜார்ஜ் ஆர்வெல் இதற்கு எழுதிய பதில் ஒரு கேள்வியைச் சுற்றியே வருகிறது: அத்தனை நாடகங்கள் இருக்க, லியர்மேல் மட்டும் ஏன் இவ்வளவு கோபம்? லியர் ராஜ்யத்தைத் துறந்தவன். துறந்த பிறகும் ராஜ மரியாதையை எதிர்பார்த்தவன். டால்ஸ்டாயும் சொத்து, பட்டம், பதிப்புரிமை எல்லாவற்றையும் துறக்கப் பார்த்தவர். 1910இல் வீட்டைவிட்டுக் கிளம்பி, அஸ்தபோவோ என்ற சின்ன ரயில் நிலையத்தில் உயிர்விட்டார். ஆர்வெல் சொல்வது ஊகம்தான், நிரூபிக்க வழியில்லை. டால்ஸ்டாய் உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கட்டுரையையும் இதேபோல் கிழித்திருப்பார். ஆனால், நாடகத்தின் நடுநரம்பு துறவுதான் என்பதை ஆயிரம் ரசிகர்களைவிட அந்த ஒருவருடைய எரிச்சல் தெளிவாகக் காட்டிக்கொடுத்துவிட்டது.

நம் பக்கத்தில் இன்னும் நல்ல உதாரணம் உண்டு. 1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வந்தது. மழையில் பஸ்ஸுக்காக நின்ற கல்லூரிப் பெண் முன்பின் தெரியாதவனின் காரில் ஏறுகிறாள்; கெட்டது நடந்து வீடு திரும்புகிறாள். தாய் முதலில் அடிக்கிறாள். பிறகு மகள் தலையில் தண்ணீரைக் கொட்டிக் குளிப்பாட்டி, எல்லாம் கழுவிப் போய்விட்டது என்று விஷயத்தை முடித்துவிடுகிறாள். வாசகர்கள் கொதித்தார்கள். காரில் நடந்ததுபோன்ற சம்பவங்களைப் பத்திரிகையில் படித்துப் பழகியவர்களுக்கு உறுத்தியது அந்தத் தண்ணீர்தான். ஜெயகாந்தன் அந்தக் கோபத்தை அலட்சியம் செய்யவில்லை. சரி, தாய் ஊரறியக் கத்தியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆவாள் என்று கேட்டு ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை எழுதினார். அதில் அந்தப் பெண்ணான கங்கா, தன் கதையைப்போலவே தொடங்கி வேறு மாதிரி முடியும் ஒரு சிறுகதையைப் பத்திரிகையில் படிக்கிறாள். கோபப்பட்ட வாசகர்கள் கேட்ட முடிவையே கொடுத்து, அதற்கு அந்தப் பெண் தரும் விலையையும் ஜெயகாந்தன் காட்டிவிட்டார். அந்த நாவலுக்கு 1972இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. சிறுகதைக்குப் பாராட்டு மட்டுமே வந்திருந்தால் இந்த நாவலுக்கு வேலையே இருந்திருக்காது.

வெறுப்பை இப்படித் தூக்கிப் பிடித்தால் புத்தகத்தைக் கொளுத்துகிறவர்களுக்கும் வக்காலத்து வாங்கியதாகாதா? நியாயமான கேள்வி. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ வெளிவந்தது 2010இல். திருச்செங்கோட்டில் அதை எரித்தது 2014 டிசம்பரில். அடுத்த மாதமே எழுத்தாளர் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலை வந்தது. ஆனால் ஊருக்குள் சுற்றியவை சில பக்கங்களின் நகல்கள். பிள்ளையில்லாத பொன்னா ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் படும் அவமானத்தையும், கணவன் காளி அவளை விட்டுக்கொடுக்காமல் நின்றதையும் தாண்டி வந்து ஒருவர் நாவலின் முடிவை வெறுத்தால், அவரோடு பேச விஷயம் இருக்கிறது. நகலை மட்டும் பார்த்துக் கொதித்தவரின் கோபத்துக்கும் நாவலுக்கும் சம்பந்தமில்லை. பிடிக்காவிட்டால் படிக்காமல் விடுங்கள் என்ற பொருளில் 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, சட்டப்படி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. வாசகர் என்ற முறையில் நான் கேட்பது கொஞ்சம் அதிகம்: பிடிக்காவிட்டாலும் கடைசிவரை படியுங்கள்.

வெறுப்புக்கே இவ்வளவு காரணம் தேட வேண்டியிருக்கிறது என்றால், நாம் கொஞ்சமும் யோசிக்காமல் வழங்கும் தீர்ப்பு ‘சும்மா சிரிக்கலாம்’ என்பதுதான். தேவனின் துப்பறியும் சாம்புவுக்குக் காலங்காலமாக அந்த இடம்தான் கிடைத்துவருகிறது. சாம்பு வங்கிக் குமாஸ்தா, அசடு. தடுக்கி விழுந்தாலும் அது துப்பாகிவிடுகிறது. சாம்பு துப்பறிவதே இல்லை. அவனுடைய அதிர்ஷ்டத்துக்கு மற்றவர்கள்தான் ஒவ்வொரு முறையும் காரணம் கண்டுபிடித்துத் தருகிறார்கள். புகழ் எப்படி உண்டாகிறது என்பதைப் பற்றி இதைவிடக் கொடுமையாக யாரும் எழுத முடியாது. சிரிப்பு வந்துவிடுவதால் நமக்குக் கோபம் வருவதில்லை, அவ்வளவுதான். அவனை நம்பும் இன்ஸ்பெக்டர் கோபாலனுக்கு ஏன் சந்தேகம் தட்டுவதில்லை என்று ஒரு நிமிஷம் யோசித்தால், சாம்புவின்மேல் இல்லாவிட்டாலும், அவனுக்குக் கை தட்டுகிற ஊரின்மேல் எரிச்சல் வரத்தான் செய்யும்.