பெரியவர்கள் புழங்கும் சொல்

தங்கச்சிமடத்தில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். ‘வொர்ஷிப்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம் எழுதச் சொன்னால் நோட்டுக்கு நோட்டு மாறும். ஒரு பிள்ளை ‘சாமி கும்பிடுறது’ என்று எழுதும். இன்னொன்று ‘தொழுகை’ என்று எழுதும். கடற்கரைக் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை எழுதுவது ‘பூசை’. ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்கு அந்த வீட்டில் அதுதான் பேர். மூன்றுக்கும் சரி போடுகிறேன். மதிப்பைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது ‘வொர்ஷிப்’, இங்கிலாந்தில் மாஜிஸ்திரேட்டை மரியாதையாக விளிக்கவும் வழங்கியது என்றும் சொல்லிவைப்பேன். பரீட்சைக்கு அது போதும். வணங்குவது என்றால் என்னவென்று ஒரு பிள்ளைக்கு விளங்க அது போதாது.

அதை விளக்கிய ஒரு பேச்சு எங்கள் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. மேலைநாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் இலங்கை வழியாக 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் கரையிறங்கினார். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வரவேற்றார். மறுநாள் ராமேஸ்வரம் கோயிலில் சுவாமி ஆங்கிலத்தில் பேச, நாகலிங்கம் பிள்ளை தமிழில் எடுத்துச் சொன்னார். உண்மையான வழிபாடு எது என்பதுதான் பேச்சு. ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பவனே சிவனை வழிபடுகிறான். விக்கிரகத்தில் மட்டும் காண்பவன் இன்னும் தொடக்கத்தில்தான் இருக்கிறான் என்றார். அடுத்த நாள் சேதுபதி ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்தார். என்னைக் கேட்டால், அந்தப் பேச்சு முழுசாகத் தமிழுக்கு வந்து சேர்ந்தது அந்தப் பந்தியில்தான்.

குழந்தை சொல்லுக்குப் பொருள் கற்பது எப்படி என்று, வேத வாக்கியங்களுக்குப் பொருள் காண முயன்ற மீமாம்சகர்கள் ஆழமாக யோசித்திருக்கிறார்கள். ஒரு பெரியவர் ‘பசுவைக் கொண்டுவா’ என்கிறார், இன்னொருவர் கொண்டுவருகிறார். பக்கத்தில் நிற்கும் குழந்தை பார்த்துப் பார்த்துப் பொருளைப் பிடித்துக்கொள்கிறது. அப்படியானால் ‘வழிபாடு’ என்ற சொல்லையும் நம்மைப் பார்த்துத்தானே பிள்ளை கற்கும்? ராமேஸ்வரம் கோயிலின் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி ஈரத்துணியோடு வெளியே வந்த ஒரு பாட்டி, பேத்தி கையில் இட்லிப் பொட்டலத்தைக் கொடுத்து, வாசலில் இருந்த கிழவரைக் காட்டி, “தரையில வைக்காத தாயி, அவுக கையில குடு” என்றதைப் பார்த்தேன். கையேந்துகிறவரை விரட்டிவிட்டு உள்ளே போய் உருகி நிற்பவர்களும் உண்டு. அவர்கள் பிள்ளைகளும் கூடத்தான் நடக்கிறார்கள். எனக்குப் பதைக்கிறது.

மனிதரில் சிவனைக் காணச் சொல்வதை எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடமாக வைக்க முடியாது. வணக்கம் அல்லாஹ் ஒருவனுக்கே என்று வளரும் பிள்ளையிடம் அதைத் திணிப்பது தப்பு. ஆனால் பசித்த அடியானுக்கு நீ உணவளித்திருந்தால் அதை என்னிடம் கண்டிருப்பாய் என்று மறுமையில் இறைவன் சொல்வதாக ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் உண்டு. எளியவருக்குச் செய்ததை எனக்கே செய்தீர்கள் என்று மத்தேயு சுவிசேஷத்தின் 25-ஆம் அதிகாரத்தில் இயேசுவும் சொல்கிறார். ஏழை கடவுளா என்பதில் மூன்று வீடும் ஒத்துப்போகாது, போகவும் வேண்டாம். அவருக்குக் கொடுத்த சோறு எங்கே போய்ச் சேருகிறது என்பதில் மூவருக்கும் சண்டை இல்லை.