பீடம் ஒன்று, கல்லறை இரண்டு

திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய திருக்குடும்ப ஆலயம், கால்சட்டை மாதிரி இரண்டாகப் பிரியும் வடிவம் கொண்டது. பீடத்திலிருந்து இரு பக்கமும் இரண்டு நீண்ட மண்டபங்கள். ஒன்றில் வெள்ளாளர், இன்னொன்றில் நாடார். இரு தரப்புக்கும் பீடம் தெரியும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. 1910இல் கௌசானல் அடிகளார் அந்தப் பிரிப்பை இடித்தெறிந்தார். பிரிவினை எங்கள் உரிமை என்று வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

கிறிஸ்தவ நம்பிக்கையோடு அரசியலை எப்படிப் பார்ப்பது என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டடம்தான் நினைவுக்கு வருகிறது. பேச்சு பெரும்பாலும் எந்தக் கட்சிக்கு ஓட்டு, எந்தச் சட்டத்துக்கு எதிர்ப்பு என்றே போய்விடுகிறது. அவையும் வேண்டியவைதான். ஆனால் யார் எங்கே உட்காருகிறார், யாரோடு சாப்பிடுகிறார் என்ற கேள்வி அதற்கு முந்தியது. யாக்கோபின் திருமுகம், பொன் மோதிரம் போட்டு வந்தவருக்கு நல்ல இருக்கையும் கந்தல் கட்டி வந்த ஏழைக்குக் கால்மாட்டில் இடமும் காட்டுகிற சபையைக் கடிந்துகொள்கிறது.

கலாத்தியர் இரண்டாம் அதிகாரம் இன்னும் கூர்மையானது. அந்தியோகியாவில் பேதுரு பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து ஒதுங்கிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும், முகத்துக்கு நேராகக் கண்டித்தார். கடவுள் ஆள் பார்ப்பதில்லை என்பது பேதுருவுக்குத் தெரியாததல்ல. கொர்னேலியுவின் வீட்டில் அதை அவரே அறிக்கையிட்டிருக்கிறார். பந்தியை விட்டு எழுந்ததுதான் குற்றம். அதை நற்செய்தியின் உண்மையையே மீறிய செயலாகப் பவுல் கண்டார். தலைமைத் திருத்தூதர் தலைகுனிந்த இந்த நிகழ்ச்சியைத் திருச்சபை மறைக்கவில்லை. மறைநூலிலேயே வைத்து, பீடத்தருகே நின்று வாசிக்கிறது.

சாதி விஷயத்தில் எங்களுக்கு அந்தத் துணிவு போதவில்லை.

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு கட்டிப்போட்டது. 1956இல் அது சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிந்தது. தலித் கிறிஸ்தவரும் தலித் முஸ்லிம்களும் வெளியிலேயே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் தனித்தொகுதியில் போட்டியிட முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவர்களைக் காப்பதில்லை.

சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்துப் பிழைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் ஒருவர், அதே தொழில் செய்த பட்டியல் சாதி இந்துக்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். சூசை எதிர் இந்திய ஒன்றியம் என்ற அந்த வழக்கில் 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று காட்டினால் போதாது, அதன் கொடுமை அதே கடுமையோடு கிறிஸ்தவ சமூகத்துக்குள்ளும் தொடர்வதற்குச் சான்று வேண்டும் என்றது நீதிமன்றம். சான்று போதவில்லை என்று மனு தள்ளுபடியானது.

அந்தச் சான்று எங்கள் கல்லறைத் தோட்டங்களில் இருந்தது. திருச்சி மேலப்புதூரில், செத்தவர்களையும் சாதிவாரியாகப் பிரித்து நின்ற சுவரை ஊரே அறியும். திருவிழாத் தேர் எந்தத் தெருவுக்குள் நுழையாமல் திரும்பியதோ அந்தத் தெருமுனையிலும் சான்று இருந்தது. கிறிஸ்தவத்தில் சாதியே இல்லை என்று நாங்கள் மேடையில் முழங்கிய ஒவ்வொரு முறையும், அந்தத் தொழிலாளியின் வழக்குக்கு எதிராகவே சாட்சி சொன்னோம்.

உள்ளே இருக்கும் அழுக்கை வெளியே சொன்னால் சிறுபான்மையினரைத் தாக்கக் காத்திருப்பவர்கள் அதையே ஆயுதமாக்குவார்களே என்று நல்ல மனிதர்களே கேட்கிறார்கள். அந்தப் பயத்தில் பொருளிருக்கிறது. ஆனால் பேதுருவும் ஆட்களுக்குப் பயந்துதான் எழுந்து போனார். பாவத்தை வாய்விட்டு அறிக்கையிட்டால்தான் மன்னிப்பு என்று பிள்ளைகளுக்கு ஞானோபதேசத்தில் கற்றுக்கொடுக்கிறோம். தனி மனிதருக்குச் சொல்வது சபைக்கும் பொருந்தாதா? 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. சமீப காலத்தில் எங்கள் தலைமை செய்த மிகக் கிறிஸ்தவமான அரசியல் செயல் அதுதான் என்பேன்.

தலித் கிறிஸ்தவருக்கும் பட்டியல் சாதித் தகுதி கேட்டால், இடஒதுக்கீட்டில் இருக்கிற கொஞ்ச இடத்தையும் பங்கு போடுவதா என்ற தலித் இந்துக்களின் கவலை நியாயமானது. விழுக்காட்டைக் கூட்டாமல் ஆளை மட்டும் கூட்டும் தீர்வை நானும் ஏற்கமாட்டேன்.

ஆனால் சட்டம் மாறினாலும் வீட்டுக்குள் ஆணை எதுவும் வராது. வரன் பார்க்கும்போது ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா என்று கேட்டு முடித்ததும் அடுத்த கேள்வி, ‘நம்ம ஆளுங்களா?’ ஒரே அப்பத்தைப் பகிர்ந்து உண்டவர்கள்தான் அப்படிக் கேட்கிறார்கள். நற்கருணைக்கு வரிசையில் முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு குடும்பங்கள் சம்பந்தம் செய்துகொள்ள முடியாதென்றால், நற்கருணையைப் பற்றி நாங்கள் நம்புவதாகச் சொல்வது என்ன என்று மறையுரையில் யாராவது கேட்க வேண்டும். இதைவிட ஆழமான இறையியல் கேள்வி எனக்குத் தெரியவில்லை.

மதம் மாறிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதி தரலாமா என்று ஆராய 2022இல் ஒன்றிய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. உச்ச நீதிமன்றம் அன்று கேட்ட சான்றைப் பங்கு பங்காக இனியாவது நாங்களே எழுதி வைக்க வேண்டும் என்று எங்கள் பங்குப் பேரவையில் கேட்டிருக்கிறேன். கல்லறையில் எந்தப் பக்கம் யாரைப் புதைத்தோம், தேர் எந்தத் தெருக்களைத் தவிர்த்தது, பேரவையில் எத்தனை தலித்துகள் இருந்தார்கள் என்பதையெல்லாம் பங்கின் முத்திரையோடும் பங்குத்தந்தையின் கையொப்பத்தோடும் கொடுக்க வேண்டும். சிலர் ஒப்புக்கொண்டார்கள். சிலர் கோபப்பட்டார்கள். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.