பேசி முடித்த விலை

இருபத்தைந்து வருடங்களுக்கு முன் திருநெல்வேலிப் பக்கம் ஓர் ஒப்பந்தக்காரரிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஈ-டெண்டர் வராத காலம். ஒருநாள் சாயங்காலம் என்னை ஒரு லாட்ஜ் அறைக்குக் கூட்டிப்போனார். உள்ளே இன்னும் மூன்று ஒப்பந்தக்காரர்கள். ஒரு சிறுபாலத்துக்கான விலை அரைமணி நேரத்தில் முடிவானது. ஒருவர் மதிப்பீட்டுக்கு மேல் 4 சதவீதம். மற்ற மூவரும் சும்மா துணைக்கு 9, 11, 12. நான்கு படிவங்களையும் நான்தான் நிரப்பினேன். “வேற வேற பேனாவுல எழுதுடே” என்றார் முதலாளி.

வெளியே வந்ததும் கேட்டேன்: “இது தப்பில்லையா அண்ணாச்சி?”

அவர் கோபப்படவில்லை. “நாலு பேரும் முட்டிக்கிட்டு அடிமாட்டு விலைக்கு எடுத்தா, அப்புறம் சிமெண்டுலதானடே கைவைக்கணும்? இந்தத் தடவ அவரு, அடுத்த தடவ நாம. எல்லாரும் பொழைக்கணும்லா. கூலிக்காரன் சங்கம் வச்சுக் கூலி பேசலாம், நாங்க பேசக்கூடாதா?”

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு சட்டம் வந்தது. 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், டெண்டரில் கூட்டுச் சேர்ந்தாலே போட்டிக்குக் கேடு என்று அனுமானிக்கிறது. கூட்டின் லாபத்தைப் போல மூன்று மடங்குவரைகூட அபராதம் போடலாம். ஆனால் தண்டனையைச் சொல்வது அண்ணாச்சிக்குப் பதில் ஆகாது. ஜப்பானில் இந்த வழக்கத்துக்கு ‘டாங்கோ’ என்று பெயர். கூடிக் கலந்து பேசுவது என்பதுதான் அந்தச் சொல்லின் சாதாரணப் பொருள். அங்கும் இதே நியாயத்தைத்தான் சொல்லிவந்தார்கள்: சின்ன நிறுவனங்கள் பிழைக்க வேண்டும், வேலை தரமாக இருக்க வேண்டும்.

இந்த நியாயத்தில் பாதி உண்மை. குறைந்த விலை கேட்டவனுக்கே வேலை என்ற முறை, கட்டுபடியாகாத விலையைக் கேட்கத் தூண்டத்தான் செய்கிறது. ஆனால் சங்கம் முதலாளிக்கு எதிரே உட்கார்ந்து பேசுகிறது. கேட்பவர்கள் கூட்டாகக் கேட்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். முடியாது என்று சொல்லவும் அவரால் முடியும். லாட்ஜ் அறையில் பணம் கொடுப்பவர் இல்லை. அந்தப் பாலத்தில் நடக்கப்போகிற ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லை. அதுமட்டுமில்லை, நாங்கள் பேசவே இல்லை என்று அவர்கள் நம்பியாக வேண்டும். ஒட்டிய கவர் சொல்வது அதைத்தானே: இந்த விலை இன்னொருவனுக்குத் தெரியாது.

ஆகவே தப்பு பேசியதில் இல்லை, பேசவில்லை என்று காட்டிக்கொண்டதில் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். அரசு விலைப்பட்டியல் கட்டுபடியாகவில்லை என்றால் நால்வரும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டுப் பொறியாளரிடம் கொடுத்திருக்கலாம். அதற்கு ஒரு பேனா போதும். நாலு பேனா தேவைப்பட்ட இடத்திலேயே அண்ணாச்சிக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது.

எனக்கும் தெரிந்துதான் இருந்தது. அன்று ராத்திரி அவர் 200 ரூபாய் கொடுத்தார். கேள்வி கேட்ட அதே வாயை மூடிக்கொண்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.